சிட்ஸ் பாத்துக்குத் தமிழில் என்ன? மூல அறுவைக் கையேட்டுக்கான சொல் விவாதம்

பொருள்: சிட்ஸ் பாத் – சொல் வேண்டும்
அனுப்புநர்: கையேட்டுக்காரன்

குழுவினருக்கு வணக்கம்.

மூல அறுவை சிகிச்சைக்கு வருபவர்களின் கையில் கொடுக்கும் நான்கு பக்கத் தாள் ஒன்று தமிழில் தயாராகிறது. முன்தயாரிப்புப் பக்கத்தில் சொல் சிக்கல் அதிகமில்லை. "வெறும் வயிற்றில் வரவும்" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டேன். விடியற்காலை ஒரு டீ குடித்துவிட்டு வருபவரும் தன் வயிறு வெறும் வயிறு என்றுதான் சொல்வார். அதனால் "திட உணவும், பால் கலந்த டீ, காபியும் மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்தப்பட வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம்" என்று விரித்தாயிற்று.

அந்தப் பக்கத்தில் உள்ள மற்றவை: க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது (பெரும்பாலும் 5 முதல் 7 நாள், இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் தானாக நிறுத்தவே கூடாது), சர்க்கரை மாத்திரையை அன்று காலை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது, இரத்தம் போய்க்கொண்டே இருந்தவருக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை, அன்று காலை எனிமா. வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொண்டு வர வேண்டாம் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

சிக்கல் மூன்றாம் பக்கத்தில். சிட்ஸ் பாத்துக்கு, அதாவது ஆசனவாய் முழுக வெதுவெதுப்பான நீரில் உட்காருவதற்கு, பழைய தாள்களில் "இடுப்புக் குளியல்", "இருக்கைக் குளியல்", "ஆசனக் குளியல்", "சுடுநீர் ஒத்தடம்" என்று நான்கு வழக்குகள் கிடைத்தன. கடைசிச் சொல் தவறென்று எனக்கே தெரிகிறது, துணியை நனைத்து வைப்பதுதானே ஒத்தடம். மற்ற மூன்றில் எது சரி? இன்னொன்று: அறுவை முடிந்து பல நாள் கழித்து வரும் செகண்டரி ஹெமரேஜ் என்பதை "இரண்டாம் நிலை இரத்தப்போக்கு" என்று எழுதலாமா?

-----

மறுமொழி: சிட்ஸ் பாத் – சொல் வேண்டும்
அனுப்புநர்: கத்திமுனை

> மற்ற மூன்றில் எது சரி?

மூன்றும் வேண்டாம் ஐயா. சொல் பார்ப்பதற்கு முன் செயலைப் பார்த்துவிடுவோம்.

1937இல் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் மில்லிகனும் மார்கனும் எழுதிவைத்த முறைதான் இன்றும் பரவலாக நடக்கிறது. மல்லாந்து படுத்தவரின் ஆசனவாயைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால் 3, 7, 11 மணி இடங்களில் மூல முளைகள் இருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, அடியில் இருக்கும் இரத்தக் குழாயைக் கட்டிவிட்டு, புண்ணைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். மூன்று புண்களுக்கும் நடுவே தோல் பாலம் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது வாய் சுருங்கிப்போகும். ஃபெர்குசன் முறையில் புண்ணைத் தைத்துவிடுவார்கள். ஸ்டேப்ளர் முறையில் வெளியே புண்ணே இருக்காது. திறந்த புண் முழுதாக ஆற 4 முதல் 6 வாரம்.

இதில் வலி புண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. ஆசனவாயின் உள் சுருக்குத் தசை இறுகிப் பிடித்துக்கொள்வதும் முக்கியமான காரணம். மலம் போனதும் அது இன்னும் இறுகும், மணிக்கணக்கில் விடாது. வெதுவெதுப்பான நீர் அந்தப் பிடிப்பைத் தளர்த்துகிறது. புண் இதனால் சீக்கிரம் ஆறிவிடும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. வலி தணியும், இடம் சுத்தமாகும், அவ்வளவுதான். ஆகவே இது குளியலும் அல்ல, மருந்தும் அல்ல. வெறும் தண்ணீர் போதும். டெட்டால் ஊற்றினால் பச்சைப் புண்ணில் தீயாய் எரியும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொடுத்தால், இரண்டு மூன்று துகளில் இளஞ்சிவப்பாக வேண்டிய தண்ணீரைக் கத்தரிப்பூ நிறத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அது தோலையே அரித்துவிடும்.

சொல்லில் "வெந்நீர்" வேண்டாம் என்பது என் முதல் நிபந்தனை. முதுகுத்தண்டில் ஊசி போட்ட அன்று இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும். நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கு எப்போதுமே உணர்வு குறைவு. இவர்களிடம் வெந்நீர் என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றி உட்கார்ந்து தோல் வெந்துபோகும். "வெதுநீர்" என்று தொடங்கட்டும். என் பரிந்துரை "வெதுநீர்த் தோய்வு".

-----

மறுமொழி: சிட்ஸ் பாத் – சொல் வேண்டும்
அனுப்புநர்: மண்ணும்நீரும்

இடுப்புக் குளியல் ஏற்கெனவே வேறொன்றுக்குப் பெயராகிவிட்டது. லைப்சிக்கின் லூயி கூனே பரப்பிய முறை அது, காந்தியும் செய்து பார்த்தது. சாய்வுள்ள தொட்டி, தொப்புள்வரை குளிர்ந்த நீர், கால்கள் வெளியே, அடிவயிற்றை ஈரத்துணியால் தேய்ப்பது. இயற்கை மருத்துவமனைகளில் இன்றும் அதே பெயர்தான். மூல அறுவை முடித்தவர் இந்தச் சொல்லை வைத்து விசாரித்தால் குளிர்ந்த நீரில் உட்காரச் சொல்லும் காணொளிதான் கிடைக்கும்.

-----

மறுமொழி: சிட்ஸ் பாத் – சொல் வேண்டும்
அனுப்புநர்: வார்டு சிஸ்டர்

டாக்டர் சொன்ன வெந்நீர் விஷயம் நூற்றுக்கு நூறு. அதோடு "குளியல்" என்ற சொல்லையும் தூக்கிவிடுங்கள். குளியல் என்று எழுதினால் நடப்பது இது: காலையில் ஒருமுறை, சோப்புப் போட்டு, மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். சாயங்காலம் செய்தீர்களா என்றால், "ரெண்டாவது தடவை குளிச்சா சளி பிடிக்கும் சிஸ்டர்" என்று பதில் வரும். ராத்திரி மலம் போனால் அப்படியே படுத்துவிடுவார்கள்.

கையேட்டில் எழுத வேண்டியது: அகலமான பிளாஸ்டிக் டப், கமோடு மேல் பொருந்துகிற பேசின் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆசனவாய் முழுகும் அளவு, நான்கு விரற்கடைத் தண்ணீர் போதும், இடுப்புவரை வேண்டாம். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர், முழங்கையை விட்டுப் பார்த்து இதமாக இருக்க வேண்டும். மூட்டு வலிக்காரர் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, டப்பை உறுதியான பலகைமேல் வையுங்கள். 10 முதல் 15 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, அதில் ஒன்று கட்டாயம் மலம் போனவுடன். எழும்போது தலை சுற்றும், முதல் இரண்டு நாள் கதவைத் தாழிட வேண்டாம். பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

சிறுநீர் பற்றியும் ஒரு வரி வேண்டும். அறுவை முடிந்து 6 முதல் 8 மணி நேரத்தில் போகாவிட்டால் சொல்லியாக வேண்டும். வலி, முதுகில் போட்ட ஊசி இரண்டுமே மூத்திரப்பையை அடைத்துவிடும். டப்பில் உட்கார்ந்தபடியே போனாலும் பரவாயில்லை என்று எழுதுங்கள், வெதுவெதுப்பு பட்டால் பலருக்குத் தானாக இறங்கிவிடும். கூச்சத்தால் அடக்கிக்கொள்பவர்கள்தான் கடைசியில் குழாய் போட்டுக்கொள்கிறார்கள். இதற்கு "நீர்க்கட்டு" என்று போடாதீர்கள், எல்லோரும் நீர்க்கட்டி என்று படித்துவிட்டு ஸ்கேன் கேட்பார்கள்.

வார்டில் நாங்கள் சொல்வது "டப்புல உக்காருங்க". அதற்குப் பக்கத்தில் வருகிற சொல்லாகக் கொடுங்கள்.

-----

மறுமொழி: சிட்ஸ் பாத் – சொல் வேண்டும்
அனுப்புநர்: வடமராட்சி

> என் பரிந்துரை "வெதுநீர்த் தோய்வு".

டொக்டர் மன்னிக்க வேண்டும். எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் தோய்வது என்றால் தலைமுழுக்கு. "தோஞ்சிட்டு வாறன்" என்றால் கிணற்றடிக்குப் போய்த் தலையில் வாளியால் அள்ளி வார்த்துவிட்டு வருவது. உடுப்பையும் தோய்ப்போம். சத்திரசிகிச்சை முடித்தவர் வெதுநீரில் தோயவேண்டும் என்று தாதி சொன்னால் ஆள் நேரே தலையில்தான் ஊற்றுவார், நீங்கள் ஒழிக்கப் பார்த்த குளியல் பின்கதவால் வந்துவிடும்.

-----

மறுமொழி: சிட்ஸ் பாத் – சொல் வேண்டும்
அனுப்புநர்: கையேட்டுக்காரன்

தோய்வு விழுந்தது. "வெதுநீர் ஊறல்" சரிவருமா என்று பார்த்தேன். தமிழ்நாட்டில் ஊறல் என்றால் போலீஸ் கொட்டி அழிக்கும் சாராய ஊறல். வேண்டாம்.

"வெதுநீர் அமர்வு" எப்படி? உட்காருவது இருக்கிறது, வெதுவெதுப்பு இருக்கிறது, குளியல் இல்லை.

-----

மறுமொழி: சிட்ஸ் பாத் – சொல் வேண்டும்
அனுப்புநர்: வடமராட்சி

அமர்வு என்றதும் மாநாட்டு முதலாம் அமர்வு, நாடாளுமன்ற அமர்வு ஞாபகம் வருகிறதே ஐயா.

-----

மறுமொழி: சிட்ஸ் பாத் – சொல் வேண்டும்
அனுப்புநர்: வார்டு சிஸ்டர்

வரட்டும், அதுதான் எனக்கு வேண்டியது. அமர்வு என்றால் தொடக்கமும் முடிவும் இருக்கும், எண்ணலாம். "நாளுக்கு நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது" என்று எழுதினால் யாரும் குழம்பமாட்டார்கள். பிசியோதெரபிக்கு வருகிறவர்களும் "இன்னிக்கு மூணாவது அமர்வு" என்கிறார்கள். நேர அளவு முக்கியம். இதமாக இருக்கிறதென்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் புண் ஓரம் ஊறி வெளுத்துப்போகும், வீக்கமும் கூடும். நடுவில் ஓட்டை உள்ள காற்றுத் தலையணையும் அதே கதைதான், தொங்கலில் இருக்கும் இடத்தில் இரத்தம் தேங்கும். சாதாரண மெத்தைத் தலையணை போதும்.

இந்தச் சொல்லை முடித்துவிட்டு "மலமிளக்கி"க்கு வாருங்கள். ஒரே சொல்லை மூன்று மருந்துக்கும் எழுதுவதால் வார்டில் தினம் தகராறு.

-----

மறுமொழி: மலமிளக்கி – ஒரே சொல் போதாது
அனுப்புநர்: கத்திமுனை

அமர்வு எனக்கும் சம்மதம்.

சிஸ்டர் சொல்வது முக்கியமான இடம். இசப்கோல் உமி தண்ணீரைப் பிடித்து மலத்தைப் பருமனாக்கும். லாக்டுலோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், இரவில் 15 முதல் 30 மி.லி. பிசகோடில் குடலைத் தூண்டித் தள்ளும். முதல் இரண்டும்தான் நம் கையேட்டுக்கு உரியவை. தாளில் "பேதி மருந்து" என்று யாராவது எழுதிவிட்டால், ஒருமுறை இளகிப் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் நாள் மறுபடி இறுகிவிடும்.

என் முன்மொழிவு: நாரேற்றி (இசப்கோல் வகை), நீரேற்றி (லாக்டுலோஸ் வகை), குடல்தூண்டி (பிசகோடில் வகை). மூன்றுக்கும் பொதுப்பெயராக மலமிளக்கி இருந்துவிட்டுப் போகட்டும். நாரேற்றிக்கு எதிரே தண்ணீர் அளவு கட்டாயம் வேண்டும்: இரண்டு தேக்கரண்டி உமிக்கு முழு டம்ளர், 200 மி.லி., கலக்கிய கையோடு குடிக்க வேண்டும். வைத்தால் களியாகிவிடும். தண்ணீர் குறைந்தால் உமியே அடைப்பாகும்.

-----

மறுமொழி: மலமிளக்கி – ஒரே சொல் போதாது
அனுப்புநர்: வார்டு சிஸ்டர்

நீரேற்றி என்றால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது என்று நினைப்பார்கள் டாக்டர். "மலநீரேற்றி" என்று முழுதாகப் போட்டால் தப்பலாம். நாரேற்றி நன்றாக இருக்கிறது.

மலம் உள்ளேயே கட்டியாக அடைத்துக்கொள்வதற்கும் ஒரு சொல் வேண்டும். வலிக்குப் பயந்து சாப்பிடாமல் கிடப்பார்கள், வலிக்குக் கொடுக்கும் டிரமடால் மாத்திரை வேறு குடலை மந்தமாக்கும். நான்கைந்து நாள் கழித்துத் தண்ணீராகக் கசியும். "பேதி ஆகுது" என்று லாக்டுலோஸையும் நிறுத்திவிடுவார்கள். உண்மையில் உள்ளே கட்டி உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி ஒழுகுவதுதான் வெளியே வருகிறது. இதை மலச்சிக்கல் என்று எழுதினால் புரியாது, போகிறதே என்பார்கள். "மலக்கட்டி அடைப்பு" என்று எழுதி, "தண்ணீராகக் கசிந்தாலும் இது பேதி அல்ல" என்று பக்கத்திலேயே போடுங்கள். மூன்று நாளாகியும் மலம் போகவில்லை என்றால் போன் செய்யச் சொல்லுங்கள்.

-----

மறுமொழி: இரண்டாம் நிலை இரத்தப்போக்கு
அனுப்புநர்: கத்திமுனை

இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. "இரண்டாம் நிலை" என்றால் படிப்பவர் நோயின் தீவிரத்தைக் குறிப்பதாக எடுத்துக்கொள்வார். மூலத்துக்கே ஒன்று முதல் நான்கு வரை நிலைகள் இருக்கின்றன, கேட்க வேண்டாம். இரண்டாம் முறை வரும் இரத்தம் என்று நினைப்பவரும் உண்டு.

இது நாளைக் குறிக்கும் பெயர். அறுவையன்றோ மறுநாளோ வரும் கசிவு வேறு. 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள், கட்டிய இடத்துத் திசு சிதைந்து கழன்று விழும்போது திடீரென்று வருவது இது. வலி குறைந்து, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வரும் என்பதுதான் ஆபத்து. இரத்தம் வெளியே வராமல் மேலே மலக்குடலில் தேங்கும். மலம் வருவதுபோல் அவசரம் தோன்றும், போய் உட்கார்ந்தால் கட்டி கட்டியாக விழும், அங்கேயே மயங்கிச் சரிவார்கள். ஆகவே "பின்நாள் இரத்தப்போக்கு". கூடவே எல்லையும் எழுதுங்கள்: துணியில் திட்டுத் திட்டாகப் படிவது, மஞ்சள் நீர் கசிவது சில வாரம் இருக்கும், பயமில்லை. கட்டியாக விழுந்தாலோ, ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ படுத்த நிலையில் உடனே மருத்துவமனைக்கு. காய்ச்சலோடு வலி கூடிக்கொண்டே போனாலும் அப்படியே.

-----

மறுமொழி: இரண்டாம் நிலை இரத்தப்போக்கு
அனுப்புநர்: வடமராட்சி

இலங்கைப் பதிப்புக்குப் "பின்நாள் குருதிப்பெருக்கு" என்று வைத்துக்கொள்ளலாம், எங்கள் பாடநூல்களில் குருதிதான். ஆனால் நோயாளியின் தாளில் இரத்தம் என்றே இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் யாரும் குருதி வருகிறது என்று ஓடி வருவதில்லை. அறுவை சிகிச்சை என்ற இடங்களில் மட்டும் சத்திரசிகிச்சை என்று மாற்றிவிடுங்கள்.

-----

மறுமொழி: இரண்டாம் நிலை இரத்தப்போக்கு
அனுப்புநர்: கையேட்டுக்காரன்

எடுத்துக்கொண்டவை: வெதுநீர் அமர்வு, நாரேற்றி, குடல்தூண்டி, மலக்கட்டி அடைப்பு, பின்நாள் இரத்தப்போக்கு. "மலநீரேற்றி" நாவில் இடறுகிறது, அந்த இடத்தில் இப்போதைக்கு "லாக்டுலோஸ் மருந்து" என்றே விடுகிறேன். நல்ல சொல் தோன்றினால் அச்சுக்குப் போகும்முன் எழுதுங்கள். சிறுநீர் அடைப்புக்கு "நீரடைப்பு" என்ற பழைய சொல்லே இருக்கிறது, அதைப் போட்டிருக்கிறேன்.

சிஸ்டர், டப்பில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் படம் ஒன்று மூன்றாம் பக்கத்தில் வருகிறது. நான்கு விரற்கடை என்பது ஆள் உட்காரும் முன்பா, உட்கார்ந்த பின்பா?

-----

மறுமொழி: இரண்டாம் நிலை இரத்தப்போக்கு
அனுப்புநர்: வார்டு சிஸ்டர்

உட்காரும் முன்பு. உட்கார்ந்ததும் மட்டம் ஏறும். அதற்கு மேல் ஊற்றினால் பாத்ரூம் தரை முழுக்கத் தண்ணீர், எழும்போது வழுக்கும்.