செசமி ஸ்ட்ரீட்: ஹூப்பர் மறைந்த எபிசோட், பிக் பேர்டின் இறக்கை

கேள்வி: அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியான செசமி ஸ்ட்ரீட்டின் 1839ஆம் எபிசோடில் கடைக்காரர் ஹூப்பர் இறந்துவிட்டதைப் பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மையிடம் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஏன் அவ்வளவு நேரடியாக? அந்தப் பறவையின் இரண்டு இறக்கைகளையும் ஒரே ஆள் எப்படி இயக்குகிறார்?

பதில் 1: ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறு நடிகரைப் போடவில்லை. "தூங்கிட்டார்" என்றால் குழந்தை தூங்கவே பயப்படும். "நோய் வந்து" என்றால் சாதாரணக் காய்ச்சலுக்கும் நடுங்கும். அதனால் இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்றே சொல்கிறார்கள். ஒளிபரப்பு 1983 நவம்பர் 24, அமெரிக்காவில் விடுமுறையான நன்றி நவிலல் நாள். பெற்றோர் வீட்டில் இருப்பார்கள், குழந்தை கேட்டால் பதில் சொல்லலாம். நல்ல கணக்கு.

பதில் 2: பொம்மையின் உயரம் 8 அடி 2 அங்குலம். அப்போது உள்ளே இருந்து இயக்கிய கேரல் ஸ்பின்னி வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி வாயை அசைத்தார், சுண்டுவிரல் கண்ணிமைக்கு. இடக்கை இட இறக்கையில். வல இறக்கை வெறும் கூடு. தூண்டில் நரம்பு ஒன்று கழுத்தடி வளையம் வழியாக இடக்கைக்கு வரும். இடது இறங்கினால் வலது ஏறும். உள்ளே இருப்பவருக்கு வெளியே நடப்பது தெரியாது, மார்பில் கட்டிய குட்டி டிவிதான் கண். அது கண்ணாடி பிம்பம் அல்ல, அதனால் இடம் வலம் குழம்பும்.

கேள்வி கேட்டவர்: அப்போ இரண்டு இறக்கையும் தனித்தனியாக வேலை செய்யாதா?

பதில் 2: இன்னொரு கலைஞர் உதவினால்தான்.