நாளை காலை சுபேதார் தாத்தாவை மேலே கொண்டுபோகிறார்கள், பைக்கில் கூடப் போவது சரியா?

ஹேர்பின்_இருபது:

ஏற்காடு ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது சீக்கிரம் பதில் சொன்னால் நல்லது. நாகலூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா நேற்று ராத்திரி சேலத்தில் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், 71 போருக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக மலை ஏறி டிபன் சாப்பிட்டு இறங்கும் கூட்டம் நாங்கள், மொத்தம் பதினான்கு வண்டி. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லா வண்டியிலும் தேசியக் கொடி கட்டணுமாம், அடிவாரத்திலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே முன்னால் போகணுமாம், வீட்டு வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கணுமாம், அமெரிக்காவில் இப்படித்தான் என்று ஒருத்தன் வீடியோவே அனுப்பியிருக்கிறான். எனக்கு என்னவோ இடிக்கிறது. தாத்தாவுக்குப் புல்லட் என்றால் உயிர், அதில் சந்தேகமே இல்லை, நான் வளைவில் திரும்பும்போதே, இன்ஜின் வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தத்தை வைத்து, திண்ணையில் உட்கார்ந்தபடி "டேப்பெட் லூசுடா" என்பார். ஆனால் இது சாவு வீடு. கொடி கட்டலாமா, போலீசில் சொல்லணுமா, ராணுவத்திலிருந்து யாராவது வருவார்களா?

தம்பி_ஓய்வு:

முதலில் ஒன்று சொல்லுப்பா, அந்தப் பாட்டியிடம் கேட்டாயா? மகனிடமாவது? கேட்காவிட்டால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்க் கேள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

நானும் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான். பட்டாளத்தில் எங்களுக்குப் பேரே தம்பிதான், பஞ்சாபிக்காரனும் தம்பி என்றுதான் கூப்பிடுவான். 1971இல் பசந்தர் ஆற்றங்கரையில் டேங்குப் படை அதிகாரி அருண் கேத்தர்பால் பரம்வீர் சக்ரா வாங்கிய சண்டை இருக்கிறதே, அதில் டேங்குகள் போக கண்ணிவெடிக் களத்தில் பாதை போட்டது எங்கள் ஆட்கள். இதை எந்த சாப்பரும் தானாகச் சொல்லமாட்டான், அதனால் நான் சொல்கிறேன்.

கொடி விஷயம். இந்தியக் கொடி விதித்தொகுப்பு 2002 படி, அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு, ராணுவம், துணை ராணுவம் நடத்தும் இறுதிச் சடங்கு, இவை தவிர வேறு எதற்கும் தேசியக் கொடியைப் போர்த்தக் கூடாது. அப்படிப் போர்த்தும்போதும் காவி தலைமாட்டில் வரணும், கொடி குழிக்குள்ளும் போகக் கூடாது, சிதையிலும் எரியக் கூடாது. நீங்களாகக் கடையில் வாங்கிப் போர்த்தாதீர்கள். காரில் கொடி பறக்கவிடும் உரிமையே குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர் என்று ஒரு பட்டியலுக்குத்தான், பதினான்கு பைக்கில் கட்டிப் பறக்கவிடுவது தேவையில்லாத வேலை. அவருடைய மெடல்களைப் பாட்டி எங்காவது டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். துடைத்து ஒரு தாம்பாளத்தில் வையுங்கள், போதும்.

ஓய்வு பெற்றவருக்குத் துப்பாக்கி மரியாதை தானாக வந்துவிடாது. இன்றைக்கே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் பெங்களூருவில் இருக்கும் எங்கள் படையின் ரெக்கார்டு ஆபீசுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிடச் சொல், பென்ஷன் புத்தகத்தில் ஆர்மி நம்பர் இருக்கும். மலர்வளையம் வைக்க ஆள் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் பாட்டியின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்தத் தகவல் எப்படியும் போய்த்தான் ஆகணும்.

அஸ்தம்பட்டி_புல்லட்:

போன வருஷம் நாங்கள் இதே ரோட்டில் இதே மாதிரி போனோம், அதனால் அடிபட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அமரர் ஊர்தி செகண்ட் கியரில்தான் ஏறும், சில வளைவில் ஃபர்ஸ்ட். அந்த வேகத்தில் புல்லட்டைப் பாதி கிளட்சிலேயே ஓட்டிக்கொண்டு போனால் பத்தாவது ஹேர்பின்னுக்குள் கருகின வாசனை வந்துவிடும், எங்களில் இரண்டு பேருக்கு வந்தது. ஊர்தியை ஒரு வளைவு முன்னால் போகவிட்டு, நீங்கள் நின்று நின்று போங்கள்.

அதைவிட முக்கியம் பூ. எங்கள் ஊர்தியில் இருந்த சொந்தக்காரர்கள் வழி நெடுகச் சாமந்தியை அள்ளி வீசிக்கொண்டே வந்தார்கள், முன்னாடி நாள் மழை வேறு. எட்டாவது வளைவில் அந்தப் பூ மேல் என் பின் சக்கரம் ஏறியதுதான் தெரியும், சோப்பு மாதிரி வழுக்கி, வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் கிழிந்தது பெரிசில்லை, சாவு வீட்டுக்காரர்கள் ஊர்தியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. மலை ரோட்டில் பூ வேண்டாம், பட்டாசும் வேண்டாம், ஊருக்குள் போனதும் வைத்துக்கொள்ளட்டும் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடிவாரம் செக்போஸ்ட்டிலும் ஏற்காடு ஸ்டேஷனிலும் இத்தனை வண்டி, இத்தனை மணி என்று முன்கூட்டியே சொன்னால் அவர்களே ஒழுங்கு பண்ணுவார்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழி விடணும், ஆனால் டூரிஸ்ட் காருக்கு அதெல்லாம் தெரியாது. ஹேர்பின்னில் ஒற்றை வரிசை. ஹெல்மெட் எல்லோருக்கும், பின்னால் உட்கார்கிறவருக்கும்.

வெளியூர்_சேலத்தான்:

அந்த வீடியோ பற்றி மட்டும். அமெரிக்காவில் பேட்ரியட் கார்டு ரைடர்ஸ் 2005இல் கான்சாஸில் தொடங்கியது. அங்கே ஒரு சர்ச் கும்பல் ராணுவ வீரர்களின் இறுதிச் சடங்குக்கு வெளியே நின்று அசிங்கமாகக் கோஷம் போடும். குடும்பத்துக்கு அது கேட்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது என்றுதான் இவர்கள் கொடியோடு வரிசையாக நிற்பதும் இன்ஜினை முறுக்குவதும். குடும்பம் கூப்பிட்டால்தான் போவார்கள். நாகலூரில் யார் கோஷம் போடப்போகிறார்கள்? எந்தச் சத்தத்தை அமுக்க நீங்கள் முறுக்கப் போகிறீர்கள்?

ஹேர்பின்_இருபது:

எல்லோருக்கும் நன்றி, போய்விட்டு வந்துவிட்டோம். பாட்டியிடம் கேட்டேன், "பின்னாடி வாங்க சாமி, சத்தம் வேண்டாம்" என்றார். கொடி கட்டவில்லை, அதற்காக இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வரவேயில்லை, சரி போகட்டும். பன்னிரண்டு வண்டி. பூவை மூட்டையாகக் கட்டி ஊருக்குள் போய்த்தான் பிரித்தார்கள். பதினாறாவது வளைவுக்கு மேல் பனி, முன்னால் போகும் வண்டியின் சிவப்பு லைட் மட்டும்தான் தெரிந்தது. எதிரே இறங்கிய பஸ் ஓரம் கட்டி, நாங்கள் கடந்து முடிக்கும் வரை இன்ஜினை நிறுத்தி வைத்திருந்தது, யாரும் சொல்லவில்லை. வாசலுக்கு நூறடி முன்பே வண்டிகளை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். முன்னாள் படைவீரர்கள் ஐந்து பேர் சேலத்திலிருந்து வந்திருந்தார்கள், வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

திரும்பக் கிளம்பும்போது என் வண்டியைக் கிக் பண்ணினேன், உள்ளேயிருந்து தாத்தாவின் மகன் எட்டிப் பார்த்து "டேப்பெட்டை இன்னும் பார்க்கலையா நீ" என்றார்.