ராணுவத்திலிருந்து வெளியே வரும் அண்ணனுக்குத் துணைப் போலீஸ் வேலை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், மலேசியா, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அண்ணன் 19 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர், 21 வருடச் சேவை முடித்துப் பென்சனோடு இந்த வருடக் கடைசியில் வெளியே வருகிறார். வயது 40தான், பிள்ளைகள் இருவரும் இன்னும் பள்ளியில் படிக்கிறார்கள். பென்சன் மட்டும் போதாது. சீருடை வேலையைத் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் போகவில்லை, ஆனால் கான்ஸ்டபிளாகச் சேரும் வயது தாண்டிவிட்டது.

அதனால் 1967 போலீஸ் சட்டத்தின்கீழ் வரும் துணைப் போலீஸ் வேலைக்குப் பார்க்கிறோம் (போலீஸ் அதிகாரத்தோடு ஒரு நிறுவனத்துக்காகக் காவல் பார்க்கும் வேலை), விமான நிலையம், துறைமுகம், வங்கிப் பணம் கொண்டுபோகும் நிறுவனம், எதுவானாலும் சரி. அமெரிக்காவில் மத்திய அரசு வேலைத் தேர்வில் தகுதியுள்ள முன்னாள் வீரர்களுக்கு 5 அல்லது 10 புள்ளி கூட்டிக் கொடுக்கிறார்கள். இங்கே விளம்பரத்தில் முன்னாள் வீரர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருந்த ஓர் இடத்தில் அண்ணன் நேரில் போய்க் கேட்டார், சேவைச் சான்றிதழைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவே இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி மாறியிருக்கிறார்களா? ஓய்வுக்கு முன் பெர்ஹெபாட் (முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுக் கழகம்) கொடுக்கும் பயிற்சியில் எதை எடுத்தால் இந்த வேலைக்கு உதவும்? துணைப் போலீஸ் பயிற்சியை முதலிலிருந்து முழுசாகச் செய்ய வேண்டுமா? பினாங்குப் பக்கம் இப்போது ஆள் எடுக்கும் இடம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், நான் இன்றே அண்ணனிடம் சொல்லிவிடுவேன்.