வளைவில் ரயில் போகும்போது வீடு அதிர்கிறது: பள்ளம் வெட்டினால் குறையுமா?

கேள்வி:
கீழ்மதுரைக்கும் சிலைமானுக்கும் இடையே ரயில் பாதை வளையும் ஓரிடத்தில், தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ அறுபதடி தள்ளி எங்கள் வீடு உள்ளது. பயணிகள் ரயில் கடக்கும்போது ஜன்னல் கண்ணாடியும் பரணில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் பாத்திரங்களும் கிணுகிணுக்கின்றன. சரக்கு ரயில் மெதுவாகத்தான் போகிறது. ஆனால் அப்போது தரையே திம் திம்மென்று அசைகிறது. ரயில்வே கேட்டின் அருகே நின்று பார்த்தால், வளைவின் உள்பக்கத் தண்டவாளத்தில் மட்டும் சாணுக்கு ஒன்றாக மின்னும் வரிகள் மாலை வெயிலில் தெரிகின்றன. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி மணல் நிரப்பினால் போதும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில் (தண்டவாளப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):
நீங்கள் பார்த்த வரிகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்தி வைப்பதை நாங்கள் கேண்ட் என்போம். அந்த உயரம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கே பொருந்தும். 4 டிகிரி வளைவில், அதாவது சுமார் 437 மீட்டர் ஆரத்தில், 60 கி.மீ. வேகத்துக்கு 113 மி.மீ. தேவைப்பட்டால், 30 கி.மீ. வேகத்துக்கு 28 மி.மீ. போதும். ஆகவே மெதுவாகச் செல்லும் சரக்கு ரயிலின் பாரம் உள்பக்கத் தண்டவாளத்தின் மீது சாய்கிறது. அச்சில் இறுகப் பொருத்திய இரு சக்கரங்களும் வெவ்வேறு நீளமுள்ள பாதைகளை ஒரே சுழற்சியில் கடக்க வேண்டியிருப்பதால் வழுக்கி வழுக்கிச் செல்ல, நாளடைவில் அங்கே அலை அலையாகத் தேய்மானம் விழுகிறது. சாண் இடைவெளியை 60 கி.மீ. வேகத்தில் கடந்தால் நொடிக்கு 75 அதிர்வு. கண்ணாடி கிணுகிணுப்பது அதனால்தான் என்று கருதுகிறேன். அதற்கு மருந்து கிரைண்டிங், அதாவது தண்டவாளத்தின் மேற்பரப்பை இயந்திரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவது. கூடவே தண்டவாளத்தின் அடியில் நைந்துபோன ரப்பர் பேடுகளை மாற்றி, ஜல்லியையும் இறுக்க வேண்டும்.

பதில் (கட்டடப் பொறியாளர்):
பள்ளத்துக்குச் செலவு செய்யாதீர்கள். வைகைக் கரையோர வண்டல் மண்ணில் அதிர்வலை நொடிக்கு 150 மீட்டர் செல்வதாக வைத்துக்கொண்டால், சரக்கு ரயில் எழுப்பும் 10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 அதிர்வு) அலையின் நீளம் 15 மீட்டர். அதில் பாதிக்கு மேல் ஆழம் இருந்தால்தான் பள்ளம் அதைத் தடுக்கும். மூன்றடியை அது கண்டுகொள்ளாது. மணல் நிரப்பினால் இருக்கும் பயனும் குறையும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. வளைவுகளில் கிரீஸ் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். அது போதாதா?

பதில் (ஓய்வு பெற்றவர்):
அது வெளிப்பக்கத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் சக்கர விளிம்பு உரசித் தேயாமல் இருக்கப் பூசுவது. கிரீச்சொலியும் ஓரளவு அடங்கும். ஆனால் உள்பக்கத்தில் ஏற்கெனவே விழுந்த வரிகளை அது அழிக்காது. இவற்றைச் செய்யச் சொல்லி ரயில்வேக்கு மனு எழுதும்போது ‘வீடு அதிர்கிறது’ என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். அருகிலுள்ள மின்கம்பத்தில் எழுதியுள்ள கிலோமீட்டர் எண்ணையும், வரிகள் உள்பக்கத் தண்டவாளத்தில் இருப்பதையும், எந்த வகை ரயிலுக்கு எப்படி அதிர்கிறது என்பதையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். எண்ணை கேட்டிலிருந்தே பாருங்கள். பாதையில் இறங்கி நடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம்.