பஞ்சாயத்துத் தலைவரை ஊர்மக்களே இறக்க முடியுமா?

புதுவோட்டு: பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டால் தலைவர் பதவி போய்விடும் என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிறது. ஒரு நோட்டில் 412 கையெழுத்து வாங்கிவிட்டோம். யாரிடம் கொடுப்பது?

முன்னாள் வார்டு 4: அந்த நோட்டால் தலைவரை இறக்க முடியாது தம்பி. ஓட்டுப் போட்டவர்களே தலைவரை இறக்கும் 'திருப்பி அழைக்கும்' சட்டம் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது, ஹரியானாவில் 2020இல் வந்தது. தமிழ்நாட்டில் இல்லை. இங்கே 1994 ஊராட்சிகள் சட்டம், பிரிவு 205. நீக்குகிற அதிகாரம் கலெக்டருக்கு. அவர் தாமாகவே தொடங்கலாம். இல்லையென்றால் வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் குற்றச்சாட்டை எழுதிக் கையெழுத்திட்டு, அதில் இரண்டு பேர் நேரில் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊர்த் தலைவர்மேல் நாங்கள் மனு எழுதியபோது அந்த 'நேரில்' எங்கள் கண்ணில் படவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருந்தோம். அப்புறம் நானும் இன்னொரு உறுப்பினரும் பஸ் ஏறிப் போனோம். மனுவைப் படித்த எழுத்தர், "மரியாதை இல்லாமல் பேசுறார்னு எழுதியிருக்கீங்க, இது குற்றச்சாட்டாம்மா?" என்றார். நியாயம்தான். திரும்பி வந்து புதிதாக எழுதினோம்: எரியாத தெருவிளக்குக்குப் பில், என்ன தேதி, எந்தத் தெரு, எத்தனையாவது கம்பம்.

கலெக்டர் தலைவரிடம் விளக்கம் கேட்பார். அது திருப்தியில்லை என்றால் தாசில்தார் வந்து உறுப்பினர்களைக் கூட்டுவார். அவர் ஓட்டுப் போட மாட்டார், இரு பக்கமும் பேச மாட்டார். நாம் சொல்வதைப் பதிவுசெய்து அனுப்புவார். எங்களோடு கையெழுத்துப் போட்ட ஒருவர் அன்றைக்குச் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்றார். கடைசியில் தலைவருக்குச் செக்கில் கையெழுத்துப் போடும் 'செக் பவர்' மட்டும் போனது. நாற்காலி போகவில்லை.

கரைவேட்டி: நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தால்?

முன்னாள் வார்டு 4: அது துணைத்தலைவருக்கும் ஒன்றியக் குழுத் தலைவருக்கும். அவர்களைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள். ஊராட்சித் தலைவருக்கு ஊரே நேரடியாக ஓட்டுப் போடுகிறதே.

புதுவோட்டு: எங்கள் ஊரில் ஒன்பது உறுப்பினர்களில் ஆறு பேர் தலைவரின் சொந்தக்காரர்கள், அக்கா.

முன்னாள் வார்டு 4: சரி, அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு தேறாது. கலெக்டர் தாமாகத் தொடங்க வேண்டியதுதான். தகவல் உரிமைச் சட்டத்தில் பில் நகல்களை வாங்கி, நோட்டோடு சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். நோட்டின் அசலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் கொடுத்தது இன்னும் வரவில்லை.