கிராமப் படங்களில் கிணறு யாருடையது?

முகிலன்:
'தண்ணீர் தண்ணீர்' (1981) மறுபடி பார்த்தேன். அத்திப்பட்டி ஜனங்கள் தாங்களே வாய்க்கால் வெட்டுகிறார்கள், அரசாங்கம் வந்து தடுக்கிறது. 'கத்தி'யில் (2014) கம்பெனிக்காரன். எதிரி எப்போதும் வெளியூரிலிருந்துதான் வருகிறான். பக்கத்துத் தோட்டத்துக்காரனே தண்ணீருக்குச் சொந்தக்காரன் என்று காட்டிய படம் உண்டா?

ரீல்பெட்டி:
பிரெஞ்சில் 'ழான் த ஃப்ளோரெத்' (1986) பாருங்கள். நிலம் மலிவாகக் கைக்கு வரட்டும் என்று பெரியப்பன் மாதிரி ஒரு கிழவனும் அவன் வாரிசும் ஊற்றை சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார்கள். அங்கே ஊற்று இருந்தது ஊருக்குத் தெரியும். ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

பத்திரக்காரர்:
தம்பி, நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். நான்கெல்லை எழுதி முடித்ததும் 'மேற்படி கிணற்றில் நாலில் ஒரு பாகமும், மோட்டாரில் பாத்தியமும், வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும்' என்று ஒரு வரி வரும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நிலம் சீக்கிரம் பிரிந்துவிடும். இந்த வரியில்தான் சண்டை. யாருக்குப் பகல் முறை, யாருக்கு ராத்திரி முறை, மோட்டார் எரிந்தால் காயில் கட்டுகிற செலவு யாருடையது? நம் படங்களில் கிணறு என்றால் கதாநாயகி குளிப்பாள், இல்லையென்றால் பிணம் மிதக்கும்.

இன்னொன்று. 1882-ம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம் (அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள பாத்தியம் பற்றியது), 7-வது பிரிவு: திட்டமான ஓட்டப்பாதை இல்லாத நிலத்தடி நீரை நிலத்துக்காரன் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துக்காரன் ஆழமாக போர் போட்டால் இவன் கிணறு வற்றும். பத்திரத்தில் நாலில் ஒரு பாகம் அப்படியே இருக்கும், தண்ணீர் இருக்காது. அவன் திருடவும் இல்லை, எதையும் அடைக்கவும் இல்லை. அவனை வைத்து எப்படி சண்டைக்காட்சி எடுப்பது?

ரீல்பெட்டி:
பிரெஞ்சு சிவில் சட்டத்தில் ஊற்று தன் நிலத்திலேயே இருந்தாலும், ஊர் ஜனங்களுக்குத் தேவையான தண்ணீரை அவர்களுக்கு இல்லாமல் செய்யக்கூடாது. படத்தின் இரண்டாம் பாகத்தில், ஊற்றை இழந்த அந்த நிலத்துக்காரனின் மகள் ஊருக்கு வரும் ஊற்றையே அடைக்கிறாள். அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் சூடாக இருக்கும்.

முகிலன்:
சரி, பார்க்கிறேன். ஐயா, பாகப்பிரிவினைக் காட்சி நம் படங்களில் எத்தனையோ பார்த்தாயிற்று, கிணற்று முறையை வாசித்து ஒன்றிலும் கேட்டதில்லை.

பத்திரக்காரர்:
வாசித்தால் இடைவேளை வரைக்கும் அதுதான் ஓடும்.