திரை அணைகிறது, லேப்டாப் அணையவில்லை

கேள்வி: விண்டோஸ் 10. ஷட் டவுன் கொடுத்தால் திரை அணைகிறது. பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்தால்தான் நிற்கிறது. ரீஸ்டார்ட் ஒழுங்காக ஆகிறது.

பதில்: ரீஸ்டார்ட் ஆவதுதான் துப்பு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்கான விண்டோஸ் வசதி) இயங்கினால் ஷட் டவுன் முழுதாக நடக்காது; ரீஸ்டார்ட் முழுதாக நடக்கும். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி உறங்கவைக்கும். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அணைந்தால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான டிக்கை எடுங்கள். மங்கலாக இருந்தால் மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' இணைப்பை முதலில் அழுத்துங்கள்.

கேட்டவர்: ஷிஃப்ட் அழுத்தியும் அப்படியேதான். இன்டெல் பிராசசர்.

இன்னொரு பதில்: அப்படியானால் இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் (இன்டெல் சிப்செட்டுக்குள் தனியாக இயங்கும் சிறு கட்டுப்பாட்டுப் பகுதி) டிரைவரைப் பாருங்கள். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று உள்ளதையே போடுங்கள். அதுவரை தயவுசெய்து பட்டனை அழுத்தி நிறுத்துவதைப் பழக்கமாக்காதீர்கள்; எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுந்து கெடும்.